கூரையின் நடுவே ஒரு துளை

புதிதாக அமெச்சூர் வானொலி அழைப்புக்குறி வாங்கி, முதல் வேலையாகக் காரில் ஒரு ரிக் மாட்டிவிடத் துடிக்கும் வியு3 நண்பர்களுக்கு,



உங்களில் பலர் அண்மையில் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "காருக்கு எந்த ஆன்டெனா நல்லது?" விலையையும் நீளத்தையும் டெசிபல் கணக்கையும் அனுப்பி ஒப்பிடச் சொன்னீர்கள். எங்கே பொருத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆன்டெனா கைக்கு வந்தபின் காரை ஒருமுறை சுற்றிவந்து பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் என்ன இழந்தேன் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடையில் நீங்கள் வாங்குவது பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி உங்கள் கார்.

இரண்டு மீட்டர் அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. கால் அலைநீளக் கம்பி ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். வீட்டு மாடியில் இதே கம்பியை நிறுத்தினால் அதன் அடியில் நான்கு ரேடியல் கம்பிகளை விரித்துக் கட்டுவீர்கள். ஏன்? கம்பியில் மேலேறும் மின்னோட்டத்துக்கு ஈடாக ஓடுவதற்கு அடியில் உலோகம் வேண்டும். காரில் அந்த ரேடியல்களின் வேலையைத் தகடு செய்கிறது. கம்பியின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் இன்னொரு 49 சென்டிமீட்டராவது தகடு இருந்தால் சிக்னல் நாலாபுறமும் ஒரே அளவாகப் போகும். அதாவது, சுமார் ஒரு மீட்டர் குறுக்களவு கொண்ட ஒரு வட்டத் தகடு வேண்டும். காரில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கூரையின் நடு. சிறிய ஹேட்ச்பேக்கின் கூரைகூட அகலத்தில் அந்த ஒரு மீட்டரைத் தொட்டுவிடும். 70 சென்டிமீட்டர் அலைவரிசைக்கு இன்னும் வசதி. அங்கே கம்பியே 17 சென்டிமீட்டர்தான்.

கம்பியைத் தகட்டின் ஒரு மூலைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? சிக்னல் பொதுவாக எந்தப் பக்கம் தகடு அதிகமோ அந்தப் பக்கம் சாயும். டிக்கியின் வலது மூலையில் வைத்தால் காரின் முன்இடது பக்கம் வலுத்து, பின்வலது பக்கம் மெலியும். செடான் காரில் கண்ணாடியும் கூரையும் கம்பியின் பாதி உயரத்துக்கு எழும்பி நிற்பதால் அந்த வடிவம் இன்னும் கோணலாகும். சாதாரண நாட்களில் இது தெரியாது. அலுவலகம் போகும் வழியில் ரிப்பீட்டர் எடுக்கும், நண்பர் "ஃபைவ் நைன்" என்பார், நீங்களும் எல்லாம் சரி என்று நம்பிவிடுவீர்கள். எனக்கு அது 2015 டிசம்பரில்தான் தெரிந்தது.

சென்னையில் அடையாறு கரை மீறிய வாரம். செல்பேசிகள் பல இடங்களில் செத்துக் கிடந்தன. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர்ப் பக்கம், இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற ஒரு சாலையில் என் கார் மேற்கு நோக்கி நின்றது. நகரத்துக்குள் மொட்டைமாடியில் எங்கள் நண்பர் ஒருவர் ரிக்கின் முன் உட்கார்ந்திருந்தார். எனக்கு வடகிழக்கில், அதாவது காரின் பின்வலது பக்கம். என் ஆன்டெனா டிக்கியின் வலது மூலையில். மாடியில் சிக்கியிருந்த ஒரு பெரியவருக்கு இன்சுலின் வேண்டும். பெயர், அளவு, தெரு என்று மூன்றே வரிச் செய்தி. மூன்று முறை சொன்னேன். நண்பர் காதில் விழுந்தது இரைச்சலும் நடுநடுவே என் குரலின் துண்டுகளும்தான். எஃப்.எம். பேச்சு படிப்படியாக மங்காது. ஓர் எல்லைவரை தெளிவாக இருந்துவிட்டு, இரண்டு மூன்று டெசிபல் குறைந்ததும் பொத்தென்று இரைச்சலில் விழுந்துவிடும். நான் அந்த எல்லைக்குக் கீழே நின்றேன். காரைத் திருப்பினால் போதும் என்று தெரிந்தது. ஆனால் திருப்பச் சாலை இல்லை.

எனக்குப் பின்னால் நின்ற காரில் இன்னொரு ஹாம் இருந்தார். அதே வாட், ஏறக்குறைய அதே விலைக் கம்பி. கூரையின் நடுவில் ஒரு காந்த மவுன்ட். என் செய்தியை அவர் ஒரே தடவையில் கொண்டுசேர்த்தார். அடுத்த பொங்கலுக்கு முன் என் கார் கூரையில் துளை போட்டாயிற்று.

இந்தத் துளையைப் பற்றித்தான் உங்களோடு அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. டிங்கரிங் பட்டறையில் அந்த அண்ணன் ட்ரில்லைக் கையில் எடுக்கவே மறுத்தார். "நல்லா இருக்கிற கூரையில ஓட்டையா சார்? மழைத் தண்ணி இறங்கிடும். விக்கும்போது எவன் சார் வாங்குவான்?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

தண்ணீர் இறங்காது, மவுன்ட் சரியாக உட்கார்ந்தால். முக்கால் அங்குலத் துளை, மேலே ரப்பர் வளையம், கீழேயிருந்து இறுக்கும் நட்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் ரேடியோ ஆன்டெனாவும் இப்படி ஒரு துளை வழியாகத்தான் உள்ளே போகிறது. கூரையின் அடிப்பக்கத்தில் துளையைச் சுற்றி வெறும் உலோகம் தெரிய வேண்டும். மவுன்ட்டின் பற்கள் அதைக் கடித்துப் பிடித்தால்தான் மின்தொடர்பு. கடித்த பிறகு அந்த இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள், துரு பிடிக்காது. துளைத்ததும் இரும்புத் துகள் ஒன்றுவிடாமல் துடைத்தெடுங்கள். இரண்டு நாள் விட்டால் அவை பெயிண்ட்டில் துருப்புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். கடலோரம் இருப்பவர்களுக்கு இரண்டு நாள்கூட வேண்டாம். விற்கும்போது? ஒரு ரப்பர் மூடி போதும். வாங்க வருபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எங்கே துளைப்பது என்பதில் ஒரு யுக்தி உண்டு. உட்கூரை விளக்கைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தகட்டின் அடிப்பக்கத்தைத் தொட முடியும். அந்த விளக்கிலிருந்து விரல் எட்டும் தூரத்துக்குள் துளைத்தால் உட்கூரைத் துணியை முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. கூரையின் குறுக்கே ஓடும் விட்டங்களை முதலில் தட்டிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள், அவற்றில் துளைக்கக் கூடாது. ட்ரில் பிட் அரை அங்குலத்துக்கு மேல் இறங்காதபடி டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துணியும் கிழியும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இப்போது வரும் பல கார்களில் திரை ஏர்பேக்குகள் கூரையின் இரண்டு பக்க ஓரங்களிலும் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தூண்களின் பிளாஸ்டிக் உறைக்குள் கேபிளைத் திணிக்கும்போது அதன் குறுக்கே போய்விட்டால், ஏர்பேக் விரியவேண்டிய நொடியில் அந்தக் கேபிள் தடையாகும். சன்ரூஃப் உள்ள காரில் தண்ணீர் வடியும் குழாய்களும் அதே தூண்களில் இறங்குகின்றன. எந்தத் தூணில் என்ன இருக்கிறது என்று உங்கள் காரின் சர்வீஸ் ஆட்களிடம் கேட்டுவிட்டே கேபிளை இழுங்கள். அண்ணன் ஒருவர் "நான் பார்த்துக்கறேன்" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேபிள் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஆர்.ஜி.58 ஐந்து மீட்டர் ஓடினால் இரண்டு மீட்டர் அலைவரிசையில் ஏறத்தாழ ஒரு டெசிபல் போகும், 70 சென்டிமீட்டரில் இரண்டு டெசிபல் அளவுக்குப் போகும். 25 வாட் ஊட்டினால் மேலே சேர்வது முறையே 20, 16 வாட் அளவில். மீதிச் சுருளை சீட்டுக்கடியில் மடித்து வைக்காதீர்கள். வேண்டிய நீளத்துக்கு வெட்டிக் கனெக்டர் போடுங்கள்.

துளைக்க முடியாதவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அப்பாவின் கார், அலுவலகம் தந்த கார், கடன் இன்னும் முடியாத கார். உங்களுக்குக் காந்த மவுன்ட் நல்ல வழி, ஆனால் கூரையின் நடுவில் வைத்தால் மட்டும். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பெயிண்ட் இருப்பதால் நேரடி உலோகத் தொடர்பு இல்லை. இரண்டு தகடும் இடையில் பெயிண்ட்டும் சேர்ந்து ஒரு கபாசிட்டர் ஆகிவிடுகின்றன. ஒன்பது சென்டிமீட்டர் காந்தத்துக்கு நான் போட்ட கணக்கில் 145 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கபாசிட்டர் தரும் தடை ஓர் ஓம் அளவுதான். இருப்பதே தெரியாது. அதே காந்தம் 7 மெகாஹெர்ட்ஸில் 25 ஓமுக்கு மேல் நிற்கிறது. அப்போது திரும்பும் மின்னோட்டம் சுலபமான வழி தேடி கோஆக்ஸின் வெளிச்சுவரில் காருக்குள் இறங்கி வரும். மைக்கைப் பிடித்தால் உதடு சுடுவதும், டாஷ்போர்டு விளக்குகள் தாமாக மின்னுவதும் இதனால்தான். ஆகவே காந்தம் வி.ஹெச்.எஃப்.புக்கு. ஹெச்.எஃப்.புக்கு ஒற்றைக் காந்தத்தை நம்பாதீர்கள்.

காந்தத்தை வாரம் ஒருமுறை எடுத்து இரண்டு பக்கமும் துடையுங்கள். நம் ஊர்ப் புழுதி அதன் அடியில் புகுந்தால் உப்புத்தாள் போலப் பெயிண்ட்டைத் தேய்க்கும். கேபிளைக் கதவின் ரப்பரில் நசுக்கி உள்ளே கொண்டுவந்தால் அதன் அடியில் ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அதில் சொட்டிவிடும், உள்ளே வராது. புறவழிச்சாலையில் வேகமாகப் போகிறவர் என்றால் ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள ஐந்தில் எட்டு அலைக் கம்பியைச் சிறிய காந்தத்தில் மாட்ட வேண்டாம். கழன்று பின்னால் வருபவர் மேல் விழும்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கி விளிம்பில் கவ்வும் மவுன்ட்டை விளிம்பின் மூலையில் அல்லாமல் நடுவில், கூரையை ஒட்டி வையுங்கள். அதன் சிறு திருகுகள் பெயிண்ட்டைக் கிழித்து உலோகத்தைத் தொட்டனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். டிக்கி மூடிக்கும் காரின் உடலுக்கும் நடுவே கீல்கள் மட்டும்தான் இணைப்பு, அவற்றில் கிரீஸும் ரப்பரும் இருக்கும். ஒரு பட்டையான செம்புப் பின்னலால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். பானட் ஓரத்துக்கும் இதேதான். அங்கே கம்பியின் நுனி சாலையில் நடப்பவரின் கண் உயரத்துக்கு வரும், எனவே நுனியில் ஓர் உருண்டை மூடி கட்டாயம். பழைய ஆம்னியும் அம்பாசடரும் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் கவ்வி மாட்டலாம். கண்ணாடியில் ஒட்டும் மவுன்ட் எனக்குப் பிடிக்கவில்லை. உலோகப் படலம் ஒட்டிய கண்ணாடியிலும், பனி போக்கும் சூட்டுக்கம்பி ஓடும் பின்கண்ணாடியிலும் அது பாதிச் சக்தியைத் தின்றுவிடும்.

கூரை முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் காரை வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? மிச்சமிருக்கும் பின்பக்கத் தகட்டுப் பட்டையில் வைக்கலாம், அல்லது அரை அலைக் கம்பியை எடுக்கலாம். அரை அலைக் கம்பியின் அடியில் மின்னோட்டம் குறைவு, அதனால் அது தகட்டை அவ்வளவாக நம்பி நிற்பதில்லை. பின்பக்க ஏணியிலும் கேரியரிலும் மாட்டுகிறவர்களுக்கும் நான் சொல்வது அதுவே. அது நீளம் என்பது மட்டும்தான் சங்கடம்.

நீளத்தைப் பற்றி. ஒன்றரை மீட்டர் உயரக் காரின் கூரையில் 49 சென்டிமீட்டர்க் கம்பி நின்றால் மொத்தம் இரண்டு மீட்டர். 2.1 மீட்டர் என்று எழுதிய நிலத்தடி பார்க்கிங்குக்குள் தலை குனியாமல் போகும். இன்னும் ஒன்று, மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது நீங்கள் அடிவாரத்தில், ரிப்பீட்டர் தலைக்கு மேலே. அதிக டெசிபல் போட்ட நீளக் கம்பி தன் சக்தியை அடிவானத்தை நோக்கி நசுக்கித் தட்டையாக அனுப்பும். குட்டையான கால் அலைக் கம்பி மேல்நோக்கியும் கொஞ்சம் பரப்பும். மலையில் அதுவே பல சமயம் ஜெயிக்கிறது. சமவெளியில் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ஓட்டுகிறவர்கள் நீளக் கம்பியை எடுக்கட்டும்.

ஹெச்.எஃப். வேறு உலகம். 40 மீட்டர் அலைவரிசையில் கால் அலையே பத்து மீட்டருக்கு மேல். கார் நாலு மீட்டர். கூரை எவ்வளவு பெரிதானாலும் போதாது, கார் உடல் முழுவதும் சேர்ந்து சாலையோடு கபாசிட்டராகப் பேசித்தான் மீதிப் பாதியை ஈடு கட்டுகிறது. காயில் (சுருள்) சுற்றிய இரண்டரை மீட்டர்க் கம்பியின் கதிர்வீச்சுத் தடை சில ஓம்கள்தான். அது 3 ஓம், காயிலிலும் தரையிலும் வீணாவது 15 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட்டில் வானுக்குப் போவது ஏறத்தாழ 17. மீதி சூடு. ஆகவே இங்கே இடம் தேடும்போது இரண்டு காரியம் பாருங்கள். கம்பிக்கு நேர் அடியில் உலோகம் அதிகம் இருக்க வேண்டும். காயில் காரின் உடலுக்கு மேலே, விலகி நிற்க வேண்டும். பம்பரில் தாழ மாட்டிப் பின்கதவை ஒட்டிக் காயில் நின்றால் மிச்சமுள்ள 17 வாட்டிலும் ஒரு பங்கைக் கதவு உறிஞ்சிவிடும். கதவு, பானட், டிக்கி, புகைக்குழாய் எல்லாவற்றையும் பட்டைப் பின்னலால் உடலோடு கட்டுங்கள். கூரை நடுவை இங்கே நான் சொல்லமாட்டேன். கூரைக்கு மேல் இரண்டரை மீட்டர் என்றால் தாழத் தொங்கும் மின்கம்பிகளைத் தொடும் உயரம். கிராமத்துச் சந்துகளில் அந்தக் கம்பிகள் எவ்வளவு தாழ்ந்து வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். பானட் ஓரமோ பின்கதவுக் கீலோ போதும்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் காட்டி "ஒன் பாய்ன்ட் ஒன்" என்று மகிழ்கிறவர்களுக்கு ஒரு சொல். டம்மி லோடுக்கும் அதே எண்தான் வரும், அது எதையும் வானுக்கு அனுப்புவதில்லை. நல்ல தகட்டின் நடுவில் நிற்கும் நேர்மையான கால் அலைக் கம்பியின் தடை 36 ஓம் அளவு, அதற்கு 1.4 வருவது இயல்பு. மோசமான இடத்தில், துருப்பிடித்த தொடர்பில், இழப்பு சேர்ந்து 50 ஓம் ஆகி ஒன்றாகக் காட்டும். ரிக் பத்திரம் என்று அந்த மீட்டர் சொல்லும். இடம் நல்லது என்று சொல்லாது.

இடத்தைச் சொல்வது வேறொரு சோதனை. அதற்குக் காசு வேண்டாம். ஒரு காந்த மவுன்ட்டை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஞாயிறு காலையில் ஒரு காலி மைதானத்துக்கோ வறண்ட ஏரிக்கோ போங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு நண்பர் தன் ரிக்கோடு உட்காரட்டும். உங்கள் ரிக்கை மிகக் குறைந்த சக்தியில் வையுங்கள், அவர் எஸ்.மீட்டர் நடுவில் நிற்கும்படி. உச்சியில் முட்டினால் வித்தியாசம் தெரியாது, அவரும் ஆன்டெனாவைக் கழற்றிக் குட்டையானதை மாட்டட்டும். காந்தத்தைக் கூரை நடுவில் வைத்துக் காரை எட்டுத் திசைகளில் நிறுத்தி ஒவ்வொன்றிலும் பத்து நொடி பேசுங்கள், அவர் எண்ணை எழுதட்டும். பிறகு டிக்கி மூலையில் வைத்து மீண்டும் எட்டு. பானட்டில் எட்டு. ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்று வட்டங்களை ஒரே தாளில் வரைந்து பாருங்கள். நான் இந்தக் கடிதத்தில் சொன்ன எதையும் அதன் பிறகு நீங்கள் நம்பவேண்டியதில்லை, உங்கள் தாளே சொல்லிவிடும். துளை போடுவதா வேண்டாமா என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, காருக்குள் உட்கார்பவர்கள். கூரை நடுவில் கம்பி இருந்தால் அவர்களுக்கும் கதிர்வீச்சுக்கும் நடுவே ஒரு தகடு மறைப்பாக நிற்கிறது. பின்கண்ணாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ 50 வாட் கம்பியை மாட்டினால், பின்சீட்டில் தூங்கும் குழந்தையின் தலைக்கும் அதற்கும் நடுவே இருப்பது கண்ணாடி மட்டும். பின்சீட்டில் ஆள் இருக்கும்போது சக்தியைக் குறையுங்கள். நின்ற காரின் கம்பியை யாராவது தொட்டுக்கொண்டிருந்தால் மைக்கை அழுத்தாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் அழுத்தவே வேண்டாம். உரிமத்தின் நகல் ஒன்று டாஷ்போர்டில் இருக்கட்டும். கம்பியைப் பார்த்துக் காவலர் நிறுத்துவார், அவர் கேட்பது முறைதான். உங்கள் உரிமத்தில் ஓடும் வண்டியிலிருந்து பேசுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் மாட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. அதற்குள் உங்கள் மூன்று வட்டங்களும் தயாராகட்டும். வானொலியில் நாம் கூடும் ஞாயிறு நெட்டில் வந்து காரின் பெயர், கம்பியின் இடம், எட்டு எண்கள் மூன்றையும் வாசியுங்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன், எல்லாருடையதையும் எழுதிக்கொள்கிறேன். எந்தத் தெருவிலிருந்து யாருடைய கார் எந்தத் திசையில் பேசும் என்பது மழை வருவதற்கு முன்பே நம் கையில் இருக்க வேண்டும்.

73

உங்கள் வியு2 நண்பன்